கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான்? ஜப்பான் தொடர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஜப்பான் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். புதியவர்களுக்காக ஒரு வரி: நான் முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவள். ஜப்பான் மொழி தெரியாது. ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு, சப்டைட்டில் படித்துப் பார்க்கிற ரசிகை, அவ்வளவுதான்.

அக்கா, கொரியத் தொடர்கள் ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். ஜப்பான் தொடர் போட்டால் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, லாஸ்பேட்டை

கொரியத் தொடரை நாம் யார் யாரோடு சேரப் போகிறார்கள் என்று பார்த்தே பழகிவிட்டோம். அதே கண்ணோடு ஜப்பான் தொடருக்குள் போனால் ஒட்டாதுதான். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, இந்த ஆள் என்ன வேலை செய்கிறார், அதை எப்படிச் செய்கிறார் என்பதை. வங்கிக்காரர், பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர், காமிக்ஸ் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பெண் என்று கதை அவரவர் தொழிலுக்குள்ளேயே நடக்கும். காதல் வந்தால் வரும், வராமலும் போகும். நம் சீரியல்களில் கோடி ரூபாய் கம்பெனி நடத்துவார்கள், ஆனால் ஒரு நாளாவது ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு ஜப்பான் தொடர் பிடித்துப்போனதே அதனால்தான்.

‘தி மக்கனாய்’ (The Makanai) தொடரில் ஆரம்பியுங்கள். 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, ஒன்பதே எபிசோட். இயக்குநர் கொரேஎடா பொறுப்பில் எடுத்தது. வடக்கே அஓமோரியிலிருந்து பதினாறு வயதுத் தோழிகள் இருவர், நடனக் கலைஞர்களாக வேண்டும் என்று கியோட்டோவுக்கு வருகிறார்கள். ஒருத்திக்கு நடனம் அமைந்துவிடுகிறது. இன்னொருத்தி கியோவுக்கு அது வரவில்லை. நம் ஊர்த் தொடராக இருந்தால் அங்கேயே பொறாமை, சூழ்ச்சி எல்லாம் தொடங்கிவிடும். இங்கே கியோ சமையற்கட்டுக்குள் போகிறாள். நடனம் கற்கிற பெண்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் எல்லோருக்கும் தினமும் சமைப்பதுதான் தன் வேலை என்று கண்டுகொள்கிறாள், அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு எபிசோட் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு சொல்கிறேன்.

பத்து எபிசோடில் முடித்துவிடுகிறார்களே. இப்போதுதான் ஆரம்பித்தது போல இருக்கிறது, அதற்குள் சுபம். ஏன் இப்படி?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அங்கே ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு நான்கு முறை புதுத் தொடர்கள் தொடங்கும். வாரம் ஒன்று, விளம்பரம் சேர்த்து ஒரு மணி நேரம். பத்துப் பதினோரு வாரத்தில் கதை முடிந்தாக வேண்டும், அடுத்த தொடர் வாசலில் நிற்கும். ரேட்டிங் நன்றாக இருக்கிறது என்பதற்காக இழுக்கும் வழக்கம் அநேகமாக இல்லை.

‘ஹன்சாவா நாவோகி’ என்று 2013-இல் ஒரு தொடர். தன்னைப் பலிகடா ஆக்கப் பார்க்கும் மேலதிகாரிகளுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் வங்கி ஊழியனின் கதை. கடைசி எபிசோடை டோக்கியோ வட்டாரத்தில் 42.2 சதவீத வீடுகளில் பார்த்தார்கள். அந்த எபிசோடில் எதிரியை மண்டியிட வைத்த ஹன்சாவாவுக்குப் பதவி உயர்வு வரும் என்று எல்லோரும் காத்திருக்க, வேறு கம்பெனிக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. அவன் முகத்தைக் காட்டி முடித்துவிட்டார்கள். இரண்டாம் பாகம் வந்தது 2020-இல். நம் ஊரில் ஏழு வாரம்கூடப் பொறுத்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். ஜெயித்தவனை அலுவலகம் அப்படித்தான் நடத்தும்.

நீளமாகத்தான் வேண்டும் என்றால் என்எச்கே தொலைக்காட்சியின் காலைத் தொடர்கள் இருக்கின்றன. 1961 முதல் வருகின்றன. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், பெரும்பாலும் ஆறு மாதம் ஓடும். ஞாயிறு இரவில் வரும் சரித்திரத் தொடர் 1963-இல் தொடங்கிய வழக்கம், ஒரே கதை வருஷம் முழுக்க.

அம்மா, நான் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். மில்லை மூடியாகிவிட்டது. என் பேத்தி இந்த ஜப்பான் நாடகங்களைப் பார்க்கிறாள். எனக்குப் புரிகிற மாதிரி, காதல் கீதல் இல்லாமல் ஏதாவது உண்டா?
– வாசகர், முதலியார்பேட்டை

ஐயா, உங்களுக்கு ‘ரிகுஓ’. 2017-இல் வந்தது. பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.

சைத்தாமா மாகாணத்தில் கியோதா என்று ஓர் ஊர், தபி தைப்பதற்குப் பேர் போனது. கட்டைவிரல் தனியாகவும் மற்ற விரல்கள் சேர்ந்தும் இருக்கும்படி துணியில் தைப்பதுதான் தபி. கிமோனோ உடுத்துகிறவர்கள் குறையக் குறைய தபி வாங்கவும் ஆள் குறைந்துவிட்டது. நூறு வருஷம் கடந்த ஒரு சின்ன கம்பெனி தள்ளாடுகிறது. முதலாளி நான்காவது தலைமுறை. அந்த வேடத்தில் யாகுஷோ கோஜி, 2023-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். வங்கியில் கடன் கேட்டுக் கேட்டு அலைகிற மனிதருக்கு, தபி தைக்கும் கையை வைத்தே ஓட்டப் பந்தயக் காலணி செய்தால் என்ன என்று தோன்றுகிறது.

அங்கிருந்து கதை ஒவ்வொரு சாமானாக நகர்கிறது. அடிப்பாகத்துக்கு எடை குறைவாக, உறுதியாக ஒன்று வேண்டும். பட்டுக்கூட்டிலிருந்து அப்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கி வைத்திருப்பவர், தொழிலில் நொடித்துப்போய் ஒதுங்கி வாழ்கிறார். முதலில் அவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. அவரைத் தேடித் தேடிப் போய், கடைசியில் தன் பட்டறைக்கே கூட்டிவந்து காட்டுகிறார் முதலாளி. அந்தப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பதை அவர் நின்று பார்க்கும் காட்சியில் வசனம் அதிகம் இல்லை. பழைய இரும்பு மெஷின்களின் சத்தம்தான்.

என் தொழிலும் இதுதான் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தபியில் கஷ்டமான இடம் விரல் முனை. மேல் துணியைச் சின்னச் சின்னச் சுருக்கமாகக் கூட்டி, அடித்துணியின் வளைவோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சுருக்கம் ஒரு பக்கம் ஏறினாலும் விரலை உறுத்தும். ஜாக்கெட்டுக்குக் கை வைக்கும்போது தோள் வளைவில் நாங்கள் படுகிற பாடு மாதிரியேதான். துணியை இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. விரல் நுனியால் தள்ளிக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். இந்தத் தொடரில் கேமரா அந்த விரல்கள் மேல் நிற்கிறது. அந்தப் பெண்களை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு முதலாளி கதையை மட்டும் சொல்லவில்லை. பகல் முழுக்கத் தைத்துவிட்டு ராத்திரியும் உட்கார்ந்து தைக்கிறார்கள், தங்கள் காலணி போட்டவன் ஓடும்போது தொண்டை வறளக் கத்துகிறார்கள்.

குறையும் உண்டு. ஓட்டப் பந்தயக் காட்சிகளைத் தேவைக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள், பெரிய கம்பெனி வில்லன் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டே இருப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள். மூலக்கதை இகேய்தோ ஜுன் எழுதியது. மேலே சொன்ன ஹன்சாவாவும் அவருடையதே. வங்கியில் வேலை பார்த்துவிட்டு எழுத வந்தவர் என்பதால், சின்ன முதலாளி கடனுக்கு நிற்கிற காட்சியில் அவருக்கு ஒரு வரிகூடத் தப்பாது. மில் எதனால் மூடுகிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தோடு காட்டுகிற கதையை நீங்கள் பார்க்க வேண்டும், ஐயா. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

‘ஷோகன்’ தான் உலகத்திலேயே சிறந்த ஜப்பான் தொடர் என்கிறான் நண்பன். சரியா?
– வாசகர், பண்ருட்டி

அது அமெரிக்கத் தொடர். எஃப்எக்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி தயாரித்தது. வசனம் பெரும்பாலும் ஜப்பான் மொழியில், நடிகர்கள் ஜப்பானியர்கள். 2024-இல் முதல் பருவத்துக்கே 18 எம்மி விருதுகள் வாங்கியது. நல்ல தொடர்தான், பாருங்கள். ஆனால் ஜப்பான்காரர்கள் தங்களுக்காக எடுத்துக்கொள்ளும் தொடரின் ருசி வேறு.

அக்கா, எங்கள் ஊரில் சுனாமி பற்றிப் பெரியவர்கள் வாயே திறப்பதில்லை. நான் அதற்குப் பிறகு பிறந்தவள். ஜப்பானிலும் வந்ததே, அதை அவர்கள் தொடராக எடுத்திருக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம்

எடுத்திருக்கிறார்கள், தங்கச்சி. நான் பார்த்ததில் இதைவிட நன்றாக யாரும் எடுத்ததில்லை.

‘அமாச்சான்’ 2013 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலைத் தொடராக வந்தது, 156 எபிசோட். எழுதியவர் குதோ கன்குரோ. டோக்கியோவில் யாரோடும் ஒட்டாமல் கிடந்த அகி என்ற பள்ளிக்கூடப் பெண், வடகிழக்கே இவாதே கடற்கரையில் பாட்டி வீட்டுக்கு வருகிறாள். பாட்டி மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கிக் கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் சின்னக் கடலுயிர்) எடுக்கும் பெண்களில் மூத்தவள். அகியும் இறங்கக் கற்றுக்கொள்கிறாள். தொடரில் வரும் ஊர் கற்பனை, படம் பிடித்தது கூஜி என்ற நிஜ ஊர்ப் பக்கம். 2011 மார்ச் 11 அன்று சுனாமி அடித்த கரை அது.

கதை 2008-இல் தொடங்குவதால், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அந்த நாள் வரப்போகிறது என்று தெரியும். அதோடுதான் நூறு எபிசோடுக்கு மேல் சிரிக்கச் சிரிக்கப் போகிறது. பாட்டிமார் சண்டை, ஊர் ரயில் நிலையத்து அரட்டை, யார் வீட்டில் யார் சாப்பிட்டார் என்ற விசாரணை. இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். செத்தவர்கள் கணக்கிலிருந்து தொடங்கவில்லை, அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சிரித்தார்கள், எதற்குக் கோபித்துக்கொண்டார்கள் என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

அந்த நாளும் வருகிறது. அலையைக் காட்டவே இல்லை. சுற்றுலா சங்க அலுவலகத்தில் ஊரின் சின்ன மாதிரி ஒன்று இருக்கும், ஆரம்பத்திலிருந்தே நாம் பார்த்துப் பழகியது. அது உடைந்து கண்ணாடிச் சில்லோடு கிடக்கிறது. அகியின் தோழி யூயி, டோக்கியோ போவதற்காக ஏறிய ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிடுகிறது. நிலைய அதிகாரி தண்டவாளத்தின் மேல் நடந்து வெளியே வந்து பார்க்கிறார். பின்னாலேயே வரும் யூயியைப் பார்க்காதே என்கிறார். அவள் பார்த்துவிடுகிறாள். நமக்குக் காட்டுவது அவர்கள் இருவர் முகத்தை மட்டும். கடலூர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். உன் வீட்டில் பேசாமல் இருப்பவர்களும் ஏதோ ஓர் இடத்தில் நின்று பார்த்தவர்கள்தான்.

அப்புறம் அந்த ரயில். தொடரில் ஐந்தாம் நாள் மறுபடி ஓடுகிறது. இது கற்பனை இல்லை. நிஜத்தில் சன்ரிகு ரயில் கம்பெனி, கூஜியிலிருந்து ஒரு சின்னத் தூரத்துக்கு மட்டும் 2011 மார்ச் 16-ஆம் தேதியே வண்டி விட்டது. முழுப் பாதையும் சரியாக 2014 ஏப்ரல் ஆயிற்று. அந்த முதல் வண்டியைப் பார்த்து ஆட்கள் கையசைக்கும் காட்சியில் நான் அழுதேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கரையிலும் வலை பின்னினார்கள், படகு பழுது பார்த்தார்கள், மறுபடி கடலுக்குப் போனார்கள். அதைச் சொல்லும் ஒரு நல்ல தமிழ்த் தொடர் இன்னும் என் கண்ணில் படவில்லை. படித்து முடித்துவிட்டு நீ எழுதேன். உன் பாட்டி சுனாமியைப் பற்றிப் பேச மாட்டார், சரி. அதற்கு முன்னால் கரை எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்.

ராத்திரி இந்தத் தொடர்கள் பார்த்தால் பசிக்கிறது. சாப்பாட்டை ஏன் இவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

சாப்பிடுவதையே கதையாக எடுக்கத் துணிந்தவர்கள் அவர்கள். ‘தனிமைச் சாப்பாட்டுக்காரர்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், ‘கொதோகு நோ குருமே’ 2012 முதல் பல பருவங்கள் வந்துவிட்டது. இறக்குமதிச் சாமான் விற்கும் ஒருவர், வேலை விஷயமாக எங்கோ போகிறார், பசிக்கிறது, கண்ணில் பட்ட கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவ்வளவுதான் கதை. மதுவைத் தொடமாட்டார். மத்சுஷிகே யுதாகா சாப்பிடுவதைப் பார்த்தால், சோற்றுக்கு முன்னால் ஒரு மனிதன் எவ்வளவு மரியாதையாக இருக்க முடியும் என்று தெரியும்.

‘நள்ளிரவு உணவகம்’ அதைவிட ஆழமானது. 2009-இல் தொடங்கியது, பிற்பாடு வந்த பாகங்கள் நெட்ஃபிளிக்ஸில் கிடைக்கின்றன. ராத்திரி பன்னிரண்டுக்குத் திறந்து காலை ஏழு மணிக்கு மூடும் கடை. பட்டியலில் சாப்பிட ஒரே ஒரு சூப்புதான் உண்டு. ஆனால் கையில் சாமான் இருந்தால் யார் எதைக் கேட்டாலும் கடைக்காரர் செய்து தருவார். சாப்பிட்டுவிட்டே பாருங்கள்.

குறையே சொல்ல மாட்டீர்களா?
– வாசகர், கடலூர் முதுநகர்

சொல்கிறேன். நிறையத் தொடர்களில் கடைசிப் பத்து நிமிடம் கதாநாயகன் நின்றுகொண்டு பாடம் நடத்துவான், எல்லோரும் தலை குனிந்து கேட்பார்கள். நாற்பது நிமிடம் காட்சியில் காட்டியதை மறுபடி வாயால் சொல்ல வேண்டுமா? பழைய அலுவலகத் தொடர்களில் பெண்கள் தேநீர் கொண்டுவருவதோடு சரி. ஹன்சாவாவிலும் வங்கிக்குள் பெண்களுக்குப் பெரிய வேலை கிடையாது, அவன் மனைவியும் வீட்டில்தான். இதை மாற்றிக் காட்டிய தொடர் 2018-இன் ‘அன்னேச்சுரல்’. நோகி அகிகோ என்ற பெண் எழுதியது. காரணம் தெரியாத சாவுகளை ஆராயும் பெண் மருத்துவரின் கதை. சின்ன வயதில் குடும்பத்தோடு சாக வேண்டியவள், தப்பிப் பிழைத்தவள். அவள் பிணவறையிலிருந்து வந்து வயிறாரச் சாப்பிடுவாள். ஏன் அப்படிச் சாப்பிடுகிறாள் என்று போகப்போகத் தெரியும். பத்து எபிசோடும் பாருங்கள்.

என் அம்மாவுக்கு சப்டைட்டில் படிக்க வராது. அவரோடு சேர்ந்து பார்க்க வழி உண்டா?
– வாசகி, வில்லியனூர்

நான் என் அம்மாவுக்குச் செய்வதைச் சொல்கிறேன். காட்சி முடிகிற இடத்தில் நிறுத்தி, தமிழில் கதை சொல்லிவிட்டு மறுபடி ஓடவிடுவேன். அதற்குத் தோதானது ‘ஓஷின்’. 1983 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம் வந்த காலைத் தொடர், 297 எபிசோட், ஜப்பானில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் பார்த்தது. ஈரான் வரைக்கும் போய்ப் பேர் வாங்கியது. யமகதா பக்கத்துக் குத்தகை விவசாயி, தன் ஏழு வயது மகளை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்புகிறான். பனியில், ஆற்றில் தெப்பத்தில் அவள் போகிறாள். அம்மா நிறுத்தச் சொல்லி ஒன்று கேட்டார்: மூட்டை எத்தனை கிலோ? ஜப்பான் மூட்டை ஏறக்குறைய 60 கிலோ என்றேன். ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை மாசம் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அந்தத் தகப்பனைத் திட்டாமல் விட்டுவிட்டார்.

ஒரு எபிசோட் பதினைந்து நிமிடம்தான். நீங்கள் கதை சொல்கிற நேரத்தையும் சேர்த்தால் அரை மணி ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் உங்கள் தொண்டை தாங்காது.