அத்திவாரத்தையும் பாருங்கள்

கேள்வி: மகளும் மருமகனும் நெதர்லாந்தில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கப் போகிறார்கள். வங்கி முழு விலைக்கும் கடன் தருமாம். பிறகு ஏன் என்னிடம் காசு கேட்கிறார்கள்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கேட்பது நியாயம்தான் அம்மா. அங்கே கடன் பொதுவாக வீட்டின் பெறுமதியைத் தாண்டாது. நொத்தாரிசு செலவும் 2 வீத உரிமைமாற்ற வரியும் கைக்காசு. (35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, வீட்டின் பெறுமதி வரம்புக்குள் இருந்தால், ஒரேயொரு முறை அந்த வரியில்லை. மருமகனின் வயதென்ன?)

எனக்குப் பயம் அத்திவாரத்தில்தான். சதுப்பு நிலத்தில் மரக் கம்பங்கள் மேல் நிற்கும் பழைய வீடுகள் அங்கே நிறைய. நிலத்தடி நீர் இறங்கினால் கம்பத்தின் தலை உக்கிவிடும். சுவர் வெடிப்பைப் பூசி மறைப்பது கொழும்பில் மட்டுமா நடக்கிறது? கட்டடப் பரிசோதகரை முதலே கூப்பிடச் சொல்லுங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தபின் மனம் மாற 3 நாள்தான் அவகாசம்.