பிரான்சின் பர்கண்டி பகுதி ஒயினில் மண்ணின் குணம் தெரியும் என்கிறார்களே, உண்மையா? இல்லை விற்பனைத் தந்திரமா?

இரண்டும்தான். கொஞ்ச காலம் அந்தப் பகுதியின் டிஜோன் நகரில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். நிபுணன் எல்லாம் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ‘டெர்வார்’ என்று சொல்லும்போது மண், சரிவு, வெயில் படும் திசை, தண்ணீர் வடியும் விதம் எல்லாமே அதில் அடக்கம். விற்பவர்கள் அதைச் சுருக்கி, பாறையின் ருசி வேர் வழியாக ஏறிக் கோப்பைக்கு வந்துவிடுகிறது என்று அடித்துவிடுவார்கள். அதை நம்பாதீர்கள். கல்லுக்கு அப்படி ஏறும் ருசி கிடையாது. கொடிக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது, வேர்ப்பகுதி எவ்வளவு சூடாகிறது என்பதை மண் தீர்மானிக்கிறது. பழம் எப்படிப் பழுக்கும் என்பது அதைப் பொறுத்தது.

இதைச் சோதிக்க பர்கண்டியைவிடத் தோதான இடம் கிடையாது. சிவப்பு ஒயினுக்குப் பெரும்பாலும் பினோ நுவார் திராட்சை, வெள்ளைக்கு ஷார்டனே, அவ்வளவுதான். திராட்சை ஒன்றே என்பதால் நிலத்தின் வித்தியாசம் தெரிந்துவிடும். டிஜோனுக்குத் தெற்கே நீளும் ஒடுங்கிய சரிவில் 1,247 துண்டு நிலங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவற்றில் க்ளோ த வூஜோ என்ற தோட்டத்தை மட்டும் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். சீத்தோ மடத்துத் துறவிகள் உருவாக்கி, சுற்றிலும் மதில் எழுப்பிய இடம். சுமார் 50 ஹெக்டேர். மேல்பக்கம், பழைய மாளிகையை ஒட்டி, மண் மெல்லியது. கூழாங்கல் கலந்தது, அடியில் சுண்ணாம்புப் பாறை. கீழே சாலையோரம் வந்தால் ஆழமான களிமண். மழைக்கு மறுநாள் நடந்து பாருங்கள்: மேலே காலணி சுத்தமாக இருக்கும், கீழே வரும்போது ஒவ்வொரு அடிக்கும் அரைக் கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். கொடியின் வேரும் அந்த ஈரத்தில்தான் நிற்கிறது. மேல்பகுதி ஒயினுக்கு நல்ல பெயர் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் 1937இல் தரம் பிரித்தபோது மதிலுக்குள் இருந்த நிலம் முழுவதற்கும் ‘கிராண்ட் க்ரூ’ என்ற உச்சத் தகுதியைக் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பறிக்கப்பட்ட தோட்டம், 1889 வரை பெரும்பாலும் ஒரே கையில் இருந்தது. அதன்பின் விற்பனை, பாகப்பிரிவினை என்று உடைந்து, இன்று ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். ஒருவருக்கு நாலு வரிசை மேலே, இன்னொருவருக்கு நாலு வரிசை கீழே. பாட்டிலில் எல்லோருக்கும் ஒரே பெயர்! மண்ணைத்தான் விற்கிறோம் என்று சொல்கிற ஊரில் இது எனக்கு வேடிக்கையாகத்தான் படும்.

அதிகாரம் தலையிடுவதும் புதிதல்ல. 1395இல் பர்கண்டிக் கோமகன் ஃபிலிப், காமே என்ற திராட்சையைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். நிறையக் காய்க்கும், ஆனால் தரம் மட்டம் என்பது குற்றச்சாட்டு. அதே காமே தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் பிரமாதமாக வருகிறது. மண்ணுக்குச் சாதகமாக இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

விலை வேறு சமாச்சாரம். பர்கண்டியின் புகழ்பெற்ற ரொமனே கோன்த்தி தோட்டம் இரண்டு ஹெக்டேர்கூட இல்லை. அதன் 1945ஆம் ஆண்டு பாட்டில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்தத் தொகைக்கும் நாக்குக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், தட்பவெப்பமும் மாறிக்கொண்டிருக்கிறது. பர்கண்டியின் போன் (Beaune) நகரில் திராட்சை அறுவடைத் தேதிகளுக்கு 1354 முதல் பதிவு இருக்கிறது. 1988க்குப் பிறகு அறுவடை முன்பைவிடச் சராசரியாக 13 நாள் முன்கூட்டியே வந்துவிடுகிறது. முன்பு குளிர் அதிகம் என்று ஒதுக்கப்பட்ட மேட்டு நிலங்களில் இப்போது பழம் நன்றாகப் பழுக்கிறது.

அதனால் வாங்குவதாக இருந்தால் ‘ஒத் கோத்’ என்று போட்டிருக்கும் மேட்டுப் பகுதி பாட்டில்களைப் பாருங்கள். தோட்டப் பெயரைவிடத் தயாரிப்பவர் பெயரை முதலில் விசாரியுங்கள். கெட்டிக்கார விவசாயியின் ‘பூர்கோன்’ (பர்கண்டி) என்று மட்டும் போட்ட சாதாரண பாட்டில், சோம்பேறியின் கிராண்ட் க்ரூவைவிட நன்றாக இருக்கும். விலையும் பல மடங்கு குறைவு.