தொட்டதும் போன் போக எண்ணை எப்படி எழுதுவது?

கேள்வி: குமுளியில் ஏலக்காய்க் கடையும் ஜீப் சவாரியும் நடத்துகிறோம். எங்கள் இணையதளத்தில் கடையின் லேண்ட்லைன் எண்ணைத் தொட்டால் யாருக்கும் இணைப்பு கிடைப்பதில்லை. செல்போன் எண்ணைத் தொட்டால் கம்பம், மதுரைக்காரர்களுக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து விசாரிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. தொட்டதும் அழைப்பு தானாகவே போகும்படி செய்ய முடியுமா?

பதில்: உங்கள் தளத்தில் தொடும் இணைப்பு (லிங்க்) வேலை செய்கிறது. அதற்குள் இருக்கும் எண்தான் அரைகுறை.

இணைப்பில் இணையதள முகவரி இருக்க வேண்டிய இடத்தில் டி, இ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, அடுத்து எண். இவ்வளவுதான் இலக்கணம். 2004 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 3966 என்ற இணையத் தர வரையறையின்படி, கூட்டல் குறியும் நாட்டு எண்ணும் சேர்ந்து வந்தால் அந்த எண் உலகின் எந்த மூலையிலிருந்தும் செல்லும்.

நீங்கள் லேண்ட்லைனின் ஆறு இலக்கத்தை மட்டும் போட்டிருப்பீர்கள். குமுளிக்கு எஸ்.டி.டி. கோடு 04869, மலையிறங்கிக் கம்பம் போனால் 04554. கோடு இல்லாத ஆறு இலக்கத்தை வைத்துக்கொண்டு செல்போன் எந்த ஊரைத் தேடும்? முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிட்டு, கூட்டல் 91, 4869, பிறகு அந்த ஆறு இலக்கம் என்று எழுதுங்கள். பூஜ்யத்தை விட்டுவைத்தால் மறுபடியும் கெடும். லேண்ட்லைனோ செல்போனோ, 91-க்குப் பிறகு சரியாகப் பத்து இலக்கம் வர வேண்டும், எண்ணிப் பாருங்கள். இடைவெளி வேண்டாம். இரண்டு எண்களைச் சாய்கோடு போட்டு ஒரே இணைப்பில் அடைக்கவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் எண்ணை மட்டும் படிக்க வசதியாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

அழைப்பு தானாகப் போகாது. எண் திரையில் நிரம்பும். பச்சைப் பொத்தானை வாடிக்கையாளர்தான் அழுத்த வேண்டும். ஐபோனில் ‘அழைக்கவா’ என்று கேட்கும். இந்தத் தடை இருப்பதே நல்லது என்பேன். இத்தகைய இணைப்பில் நட்சத்திரம், ஹாஷ் கொண்ட ரகசியக் குறியீட்டை ஒளித்துவைத்து, பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் சில சாம்சங் போன்களில் இருந்த அனைத்தையும் அழித்துவிட முடியும் என்று 2012-இல் செய்து காட்டப்பட்டது. வாடிக்கையாளரின் போனில் அவர் விரலைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது.

கணினியில் பார்ப்பவர்களுக்கு, அழைப்புக்கான செயலி இல்லாவிட்டால் தொட்டாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே எண்ணை பேனர் படத்துக்குள் பொறிக்காமல் எழுத்தாகவே வையுங்கள். பார்த்து அழைக்கவோ நகலெடுக்கவோ உதவும்.

ஜீப் விசாரணைக்கு வாட்ஸ்அப் இணைப்பையும் சேருங்கள். அதில் கூட்டல் குறி கூடாது; 91-இலிருந்து தொடங்குங்கள். அது அழைப்பைத் தொடங்காது, உரையாடலைத்தான் திறக்கும். ஆனால் எந்தத் தேதி, எத்தனை பேர் என்பது எழுத்தில் வந்து சேர்ந்துவிடும்.