சிக்னலில் நிற்கும்போது பிரேக் பெடல் தானாகக் கீழே போகிறதே, ஏன்?

பெங்களூரு கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2014 மாடல் கார், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. மூன்று வாரம் முன்பு பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுத்திருக்கிறார்கள், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றியிருக்கிறார்கள். அதற்கப்புறம், டின் ஃபேக்டரி சிக்னலில் பெடலை லேசாக மிதித்தபடி நின்றால் அது மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது, இரண்டு தடவை மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. ஆயில் அளவு குறையவில்லை. மெக்கானிக், சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடை மாற்றச் சொல்கிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு சேலம் போகலாமா?

சரிசெய்யும் வரை இந்தக் காரில் போகாதீர்கள். பேட் மாற்றினாலும் இது சரியாகாது. பேட் தேய்ந்தால் கீச்சென்று சத்தம் வரும், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஆனால் மிதித்துப் பிடித்த பெடல் நழுவாது.

நீங்கள் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால், பெடலின் நெம்புகோல் அதை ஏறக்குறைய 4 மடங்காக்கி 40 கிலோவாக, ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ., சக்கரத்தில் பேடைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. என்றால் பரப்பு 6.25 மடங்கு, ஆக அங்கே 250 கிலோ. காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரின் உதவியை இதில் சேர்க்கவே இல்லை. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் ஒரே அளவில் பரவும் என்கிற பாஸ்கல் விதி அவ்வளவுதான், ஆனால் ஆயில் எங்கும் தப்பிக்காமல் அடைபட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும், அதை அடைத்து வைத்திருப்பதோ மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் மெல்லிய உதடு. அந்த உதடு கிழிந்தால் ஆயில் கப்பைத் தாண்டிப் பின்பக்கம் போய் டப்பாவுக்கே திரும்பிவிடும், அதனால்தான் உங்களுக்கு அளவு குறையவில்லை. ஓங்கி மிதித்தால் அழுத்தமே கப்பைச் சுவரோடு ஒட்ட வைத்துவிடும், லேசாக மிதிக்கும்போதுதான் நழுவும். சிக்னலில் மட்டும் உங்களுக்குத் தெரிவது இதனால்தான்.

ஏர் எடுத்த பிறகு ஏன் வந்தது? பழைய காரில் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப்பைச் சுமந்த பிஸ்டன் வழக்கமாகப் போய்வரும் தூரத்தைத் தாண்டி சிலிண்டர் சுவரில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தாலே இது நடந்திருக்காது, எத்தனையோ பட்டறைகளில் இதைச் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதியுங்கள், பூஸ்டரில் உள்ள வாக்குவம் போய்ப் பெடல் இறுகும். பிறகு லேசாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். இறங்கினால் கசிவு உறுதி. அப்படியே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கி நிற்கும், அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டாம். நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், ஈரம் இருந்தால் ஆயில் வெளியே கசிகிறது, கதை வேறு. பெடல் பஞ்சு போல அமுங்கினால் அது ஏர்.

மாஸ்டர் சிலிண்டரை முழுசாகவே மாற்றுங்கள், ரப்பர் பாகங்கள் அடங்கிய கிட் மட்டும் போட்டால் அதே சொரசொரப்புச் சுவர் புது கப்பையும் தின்றுவிடும். ஜே.சி. ரோட்டில் வாங்குவதாக இருந்தால் சேசிஸ் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். ஆயில், மூடியில் போட்டிருக்கும் கிரேடுதான். டாட் 4 என்ற கிரேடு ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அது 155 வரை இறங்கலாம். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி, அந்த ஈரம் ஆவியாகி, பெடல் காலியாகப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். அங்கே கியரைக் குறைத்து இறங்குங்கள்.

பட்டறைக்கும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டோ வண்டி கூப்பிடுங்கள்.