ஸ்கூட்டர் ஆப்ல காட்டுற பேட்டரி டெம்பரேச்சர், செல்லுக்குள்ள இருக்கற உண்மையான சூடுதானா?

இல்லைங்க. உங்க ஆப்ல 44 டிகிரின்னு காட்டுதுன்னா அது செல்லோட வெளித்தகரத்துல ஒட்டியிருக்கற தெர்மிஸ்டர், அதாவது சூடு அளக்கற குட்டி சென்சார், சொல்ற கணக்கு. நான் பேட்டரி பேக் சர்வீஸ் பண்றவன், பேக்க தொறந்தா செல் நெறைய இருக்கும், தெர்மிஸ்டர் சிலதுதான் இருக்கும், அது ஒட்டின எடத்து சூடு மட்டும்தான் பிஎம்எஸ்ஸுக்கு, அதாவது பேட்டரிய கண்காணிக்கற சர்க்யூட்டுக்குத் தெரியும், டேப் விட்டுப்போய் தொங்கிச்சுன்னா காத்தோட சூடத்தான் சொல்லிட்டிருக்கும்.

உருளை செல்லுக்குள்ள செம்பு ஃபாயில், அலுமினிய ஃபாயில், ரெண்டும் ஒட்டாம தடுக்க நடுவுல செப்பரேட்டர்ங்கற மெல்லிய பிளாஸ்டிக் தாள்னு சுருட்டி வெச்சிருக்காங்க. ஃபாயில் வழியா மேல கீழ சூடு நல்லா போகும், ஆனா அடுக்கத் தாண்டி பக்கவாட்டுல வெளிய வர்றது ரொம்ப மெதுவு. அதனால வேகமா சார்ஜ் போடும்போதும் மேடு ஏறும்போதும் நடுப்பகுதி வெளிய விட 5, 10 டிகிரி கூட இருக்கலாம். கொழுக்கட்டை வெளிய ஆறியிருக்கும், பூரணம் நாக்கச் சுடும்ல, அதேதான்.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, சுமார் 80லேருந்து 120 டிகிரிக்குள்ள செல்லோட நெகட்டிவ் பக்கத்துல இருக்கற கிராஃபைட் மேல உள்ள பாதுகாப்பு படலம் சிதைய ஆரம்பிக்கும், அப்புறம் செல் தானாவே சூடு உண்டாக்கும், 130 கிட்ட பாலிஎத்திலீன் செப்பரேட்டர் உருக ஆரம்பிக்கும், சூடு இன்னும் ஏறினா உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆயிடலாம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) செல்ல விட சூட்ட நல்லா தாங்கும், அதுக்காக ஆபத்தே இல்லன்னு இல்ல.

லேப்ல செல்ல ஓட்ட போட்டு சென்சார் சொருகுவாங்க, வண்டியில அது ஆகாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அப்ளைடு ஃபிசிக்ஸ் லேப்ல ரெங்கசாமி சீனிவாசன் குழு 2011ல ஒரு வழி காட்டினாங்க, 40லேருந்து 100 ஹெர்ட்ஸ்ல சின்ன ஏசி கரண்ட் விட்டு, அந்த கரண்ட் அலைக்கும் வோல்டேஜ் அலைக்கும் எவ்ளோ ஃபேஸ் (நேர) வித்தியாசம் வருதுன்னு பாத்தாலே உள்சூடு தெரிஞ்சிடும், செல்ல தொறக்கவே வேணாம். அருமையான யோசனைங்க, எல்லா வண்டிக்கும் இது வரணும்னு மனசார ஆசப்படறேன்.

அதுவரைக்கும் நம்பர விட அது போற போக்க பாருங்க. வண்டிய நிறுத்தினதும் காத்து படாததால கொஞ்ச நேரம் ரீடிங் ஏறி அப்புறம் இறங்கும், அது சகஜம், இறங்கின பிறகு சார்ஜ் போடுங்க. ஆனா சார்ஜர கழட்டியும் நிக்காம ஏறிக்கிட்டே இருந்தா, இல்ல இனிப்பா கெமிக்கல் வாசனை வந்தா, பேட்டரிய தூக்கப் பாக்காதீங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து 101க்கு அடிங்க, பேட்டரிலேருந்து வர்ற புகைல ஹைட்ரஜன் ஃப்ளோரைடுங்கற விஷ வாயு இருக்கும்.