புதிய காரில் கை பிரேக் கம்பியும் சாவித் துளையும் இல்லையே, எப்படிக் கையாள்வது?

கை பிரேக் இல்லாமல் போகவில்லை. அதை இழுக்கும் வேலையை மின்மோட்டார் ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வட்டத்துக்குள் ஆங்கில ‘பி’ எழுத்துப் பொறித்த சிறு சுவிட்சை மேல்நோக்கி இழுத்தால், பெரும்பாலான கார்களில் பின்சக்கரக் காலிப்பரில் (பிரேக் பேடுகளைத் தாங்கும் கவ்வியில்) உள்ள மோட்டார் சுழன்று, பேடுகளைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டோடு அழுத்திப் பிடிக்கும். அப்போது பின்பக்கம் ஓரிரு விநாடி கேட்கும் ‘விர்ர்’ ஓசையைப் பழுதென்று எண்ணிவிட வேண்டாம். விடுவிக்க, கால் பிரேக்கை மிதித்தபடி சுவிட்சைக் கீழே அழுத்துங்கள். கார் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் இந்தப் பிரேக் பொதுவாக விடுபடாது. வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்த பிறகே வண்டியைத் தள்ள முடியும்.

சாவியின் கதை வேறு. காரின் ஆன்டெனாக்கள் அனுப்பும் குறைந்த அதிர்வெண் அலைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சாவி மறுமொழி தந்தால்தான் ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யும். ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் ரேடியோ, விளக்குகள் மட்டும் உயிர்பெறும், இன்ஜின் கிளம்பாது. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. சாவியின் பேட்டரி தீர்ந்தாலும் கலங்க வேண்டியதில்லை: பல கார்களில் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால், உள்ளிருக்கும் சிப்பைக் கார் அடையாளம் கண்டுகொள்ளும், கதவைத் திறக்க, சாவிக்குள்ளேயே ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும்.

என்னைக் கேட்டால், உண்மையான ஆபத்து மறதியில்தான் இருக்கிறது. சாவியோடு இறங்கிப் போனாலும் பல கார்களில் இன்ஜின் தானாக நிற்காது. மூடிய கராஜில் அப்படி ஓடிக்கொண்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.