கிட்டாரும் கையெழுத்தும்: கன்ட்ரி பாட்டுக்காரர்களின் கேள்விகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரில் பாடல் உரிமைப் படிவங்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதனால், அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேரூன்றிய கன்ட்ரி பாட்டைச் சொந்தமாக எழுதிப் பாடும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். இம்மாதக் கேள்விகளில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. கேட்கவேண்டியதுதான். நல்ல பாட்டு எழுதியவர்கள் வாடகை கட்ட முடியாமல் கிட்டாரை விற்றுவிட்டு ஊர் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

என் மகளுக்கு 19 வயது. டல்லாஸில் படிக்கிறாள். முப்பது பாட்டு எழுதி வைத்திருக்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டு நாஷ்வில் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

படிப்பை நிறுத்தும் அளவுக்கு அவசரமில்லை. முதலில் ஒரு வாரம் வந்து பார்க்கட்டும். பிராட்வே தெருவில் காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் மதுக்கூடங்களில் பாட்டு நடக்கும். ஒரு குழு நான்கு மணி நேரம் நின்று பாடும். வருமானத்தில் பெரும்பகுதி டிப்ஸ் வாளியில் விழுவதுதான். அங்கே கூட்டம் கேட்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளை. தொண்டைக்கும் விரலுக்கும் அது நல்ல பயிற்சி. ஆனால் உங்கள் மகளின் முப்பது பாட்டுக்கு அங்கே இடமில்லை.

அவள் போகவேண்டிய இடம் புளூபேர்ட் கஃபே. 1982இல் தொடங்கியது, சாதாரணக் கடை வரிசையின் நடுவே, ஏறக்குறைய 90 பேர் உட்காரக்கூடிய சின்ன அறை. பாட்டெழுதியவர்கள் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். கேட்பவர் முழங்காலுக்கும் பாடுபவர் கிட்டாருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். யாராவது பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். திங்கட்கிழமை ஓப்பன் மைக்கில், அதாவது புதியவர்களும் மேடையேறும் நிகழ்ச்சியில், சொந்தப் பாட்டு மட்டுமே பாடலாம். அங்கே ஒன்றைப் பாடிவிட்டு, மற்றவர்கள் பாடுவதை முழுவதும் கேட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகு அவளே முடிவு செய்வாள்.

இன்னொன்று: உங்கள் மகள் படிக்கும் டல்லாஸ் இருப்பதே டெக்சாஸில். நாஷ்வில்லை நம்பாமல் வாழக்கூடிய இசைச் சுற்று அங்கே இருக்கிறது. 1878இல் கட்டிய க்ரீன் ஹால் (Gruene Hall) என்ற நடன அரங்கில் இன்றும் மரத் தரையில் ஆடுகிறார்கள். ஏரன் வாட்சன் அந்தச் சுற்றில் ஊர் ஊராகப் பாடி ரசிகர்களைச் சேர்த்தவர். 2015இல் பெரிய நிறுவனம் எதன் துணையுமின்றி அவர் ஆல்பம் பில்போர்ட் இசை இதழின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது.

மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். வரிகளில் பெரும்பகுதி என்னுடையது. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு நியாயமா?

நாஷ்வில் வழக்கம் அதுதான். அறையில் இருந்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். எனக்கும் முதலில் இது உறுத்தியது. பிறகு புரிந்தது. நீங்கள் இரண்டாம் சரணத்தில் திணறிக்கொண்டிருக்கும்போது, அதுவரை சும்மா கம்பியை மீட்டிக்கொண்டிருந்தவர், 'அவளை விடு, அந்த வாசல் விளக்கைப் பற்றி எழுது' என்கிறார். பாட்டு பிறந்துவிடுகிறது. அதை எத்தனை வரி என்று கணக்கிடுவீர்கள்?

வேறு பங்கு வேண்டுமானால் எழுத உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். எதுவானாலும், பாட்டு முடிந்த அன்றே, காபிக் கோப்பைகளைக் கழுவும் முன்பே, ஒரு தாளை எடுங்கள். தேதி, பாட்டின் தலைப்பு, ஒவ்வொருவரின் சட்டப்படியான பெயர், சதவீதம், கையெழுத்து. கூட்டினால் 100 வரவேண்டும். ஒருமுறை மூன்று நண்பர்கள் தனித்தனியே பதிந்த பாட்டு ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒருவர் 50, இன்னொருவர் 50, மூன்றாமவர் 25. மொத்தம் 125. தகராறு தீரும்வரை யாருக்கும் பணம் போகவில்லை. மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. தாள் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பாட்டிஃபையில் என் பாட்டை 40,000 தடவை கேட்டிருக்கிறார்கள். விநியோக நிறுவனம் அனுப்பிய சிறு தொகையைத் தவிர எதுவும் வரவில்லை. மீதி எங்கே?

கேட்பாரில்லாமல் வெவ்வேறு இடங்களில் கிடக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

நீங்கள் வெளியிட்டது ஒன்று. சட்டத்தின் கண்ணில் அது இரண்டு. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. நாளை வேறொருவர் உங்கள் பாட்டைப் பாடினால் அந்த ஒலிப்பதிவு அவருடையது, பாட்டு உங்களுடையது. விநியோக நிறுவனம் அனுப்பியது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டுமே.

பாட்டுக்கான பணம் இரண்டு வழிகளில் வரும். பொதுவில் ஒலிபரப்பாவதற்கான ராயல்டியை, அதாவது உரிமைத்தொகையை, ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வசூலிக்கின்றன. ஏதாவது ஒன்றில் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே பதியுங்கள். சேர்ந்துவிட்டுப் பாட்டைப் பதியாதவர்கள் ஏராளம். இரண்டாவது, பாட்டைப் பிரதியெடுப்பதற்கான ராயல்டி. அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்குக்கான, அதாவது ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் இணையம் வழியே கேட்பதற்கான, இந்தத் தொகையை எம்எல்சி என்ற அமைப்பு சேகரிக்கிறது. 2018இல் வந்த இசை நவீனமயச் சட்டத்தால் உருவாகி, 2021 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் இசைப் பதிப்பகம் உங்களுக்கு இல்லாததால் நீங்களே பதிப்பாளராகச் சேரவேண்டும்.

செயற்கைக்கோள் வானொலியிலோ இணைய வானொலியிலோ உங்கள் குரல் ஒலித்தால் அந்தப் பணம் சவுண்ட்எக்ஸ்சேஞ்சில் சேரும். அதில் 50 சதவீதம் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைப் பாடகருக்கு, 5 சதவீதம் உடன் வாசித்தவர்களுக்கு. முதல் இரண்டும் நீங்கள்தான், இரண்டுக்கும் பதியவேண்டும். சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் அமெரிக்கச் சட்டப்படி பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது, எழுதியவருக்கு மட்டும் உண்டு. எத்தனையோ நல்ல குரல்களுக்கு இழைக்கப்பட்டுவரும் அநீதி என்றே இதை நினைக்கிறேன். எழுதவும் தெரிந்த பாடகர்களிடம் பேனாவை விடாதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இது ஒரு காரணம்.

40,000 தடவைக்கு இவையெல்லாம் சேர்ந்தும் பெரிய தொகை வராது. ஆனால் ஒரு பாட்டு ஓடும் காலம் வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவதைவிட இப்போதே பதிவது நல்லது. கவனிக்க: 2024 முதல், 12 மாதங்களில் 1,000 தடவைகூட கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை.

ஒரு பதிப்பக நிறுவனம் என் பாட்டை வெளியிட 600 டாலர் கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். உண்மையான இசைப் பதிப்பகம் பாட்டெழுதியவரிடம் பணம் கேட்காது. பாட்டு சம்பாதித்தால் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் இப்படி ஒரு நிறுவனத்திடம் இரண்டு மாத வாடகைப் பணத்தை இழந்தேன். அவர்கள் அனுப்பிய அழகான சான்றிதழ் மட்டும் மிஞ்சியது.

பங்கையும் எளிதில் கொடுத்துவிடாதீர்கள். 1970களில் கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் எழுதிய ஒரு பாட்டை எல்விஸ் பிரஸ்லி பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார் எல்விஸின் மேலாளர். எல்விஸ் பாடவேண்டும் என்ற ஆசை எவ்வளவோ இருந்தும் டாலி மறுத்துவிட்டார். 1992இல் அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் பாடினார். உலகமெல்லாம் ஒலித்தது. உரிமை டாலியிடம் இருந்தது.

மாணவர் விசாவில் இருக்கிறேன். வார இறுதியில் மதுக்கூடத்தில் பாடி டிப்ஸ் வாங்கலாமா?

அனுமதியில்லாமல் வாங்காதீர்கள். எஃப்-1 விசாவில் டிப்ஸும் ஊதியமாகவே கருதப்படலாம். உங்கள் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தையும் குடிவரவு வழக்கறிஞரையும் கேளுங்கள். நண்பர் சொன்னதை நம்பி மேடை ஏறவேண்டாம்.

நாங்கள் மாநிறத்தவர்கள். கன்ட்ரி இசை எங்களை ஏற்குமா?

எளிதாக இருக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இசை ஒரு நிறத்தாரின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. அதன் பாஞ்சோவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைகளில் உருவான கம்பிக் கருவி. நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையின் தொடக்கக்கால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். 1941இல் அவரை நீக்கினார்கள். நாஷ்வில்லில் ஷூ துடைக்கும் கடை வைத்துப் பிழைத்தார். 2005இல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். சார்லி பிரைட் என்ற கறுப்பினப் பாடகரின் முதல் இசைத்தட்டுகளைப் புகைப்படம் இல்லாமல் வானொலிகளுக்கு அனுப்பினார்கள். 1971இல் அவர் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது பெற்றார். உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதுங்கள். டென்னசிக்காரர் தன் வீட்டுத் திண்ணையை அதில் கண்டுகொள்வார்.

கர்நாடக சங்கீதம் படித்திருக்கிறேன். இங்குள்ள இசைக்கலைஞர்கள் தாளில் எண்களை எழுதி வாசிக்கிறார்கள். எப்படிக் கற்பது?

உங்களுக்குப் பாதி தெரியும்! அது நாஷ்வில் எண் முறை. எந்தக் கட்டையில் பாடினாலும் சட்ஜமம் சட்ஜமம்தானே. அதுபோல ஆதார சுருதியில் நிற்கும் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) 1. சங்கராபரணத்தை மனத்தில் வையுங்கள்: மத்தியமத்தில் 4, பஞ்சமத்தில் 5. பாடகி சுருதியை அரைக் கட்டை ஏற்றச் சொன்னாலும் தாளில் ஓர் எழுத்தும் மாறாது. எண்ணுக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால் அது மைனர் கார்டு. எண்ணைச் சுற்றி வைர வடிவக் கட்டம் இருந்தால் ஒருமுறை மீட்டிவிட்டு, அந்தத் தாளக் கட்டம் முடியும்வரை அதை ஒலிக்கவிட்டுக் கம்பியைத் தொடாதீர்கள்.